ஈரத்தில் காய்ந்த தோட்டம்

பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் என் செருப்பு சேற்றில் புதைந்தது. அதை இழுத்து எடுத்துவிட்டுத்தான் தலைக்கு மேலே பார்த்தேன். முதல் வரிசையின் இலைகள் எல்லாம் காம்போடு தொங்கிக்கொண்டிருந்தன.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது. சொட்டுநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கொடியின் தூரிலும் மண் நனைந்து கறுத்திருந்தது. ஆனால் மேலே பார்த்தால், பத்து நாள் தண்ணீர் காணாத தோட்டம் போல இருந்தது. மேற்குக் கணவாயிலிருந்து காற்று இறங்கியது. திராட்சைப் பந்தலில் காற்று நுழைந்தால் பச்சை இலைகள் ஒன்றோடொன்று உரசி மெத்தென்று ஒரு சத்தம் வரும். அன்றைக்குக் காகிதம் கசங்கும் சத்தம் வந்தது. காலடியில் ஈரம், காதருகே சருகுச் சத்தம்.

இந்தப் பக்கங்களில் இதுவரை பள்ளிக்கூடத்துக் கதைகளையே எழுதி வந்தேன். சிரிப்பாக இருக்கிறது என்று சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

குடிக்க மறுத்த கொடி

கம்பத்துக்குக் கிழக்கே, ஆனைமலையன்பட்டி போகிற வழியில் என் அண்ணன் தங்கராசுவின் தோட்டம் இருக்கிறது. அரை ஏக்கர் பன்னீர் திராட்சை, வரப்போரம் பன்னிரண்டு தென்னை, நடுவில் வீடு. நான் தேனியில் பெண்கள் பள்ளி ஒன்றில் தாவரவியல் டீச்சர். விடுமுறை நாட்களில் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். எனக்கென்று வேறு போக்கிடம் கிடையாது.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் ஒரு பழப்பெட்டியின் மேல் நீட்டியிருந்தன. சிறுநீரகத்தில் கோளாறு என்று மதுரையில் பத்து நாள் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முகமெல்லாம் உப்பி, கணுக்கால் எது கெண்டைக்கால் எது என்று தெரியாமல் வீங்கிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே என் விரலை வைத்து லேசாக அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அங்கேயே இருந்தது.

உப்பை அறவே ஒதுக்க வேண்டும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, மறுபடி இப்படி நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணனுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கண் பந்தலிலேயே இருந்தது.

"தண்ணி குடுத்துக்கிட்டேதான்த்தா இருக்கேன். குடிக்க மாட்டேங்குது" என்றார்.

ஏதோ சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அவர் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்பா இறந்த பிறகு பங்கில் வந்த வறட்டு நிலத்தில், கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஒவ்வொரு கொடியாக அவரே வைத்துப் படரவிட்ட தோட்டம் அது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பேசினால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் யாரும் பேசுவதில்லை.

"என்னைய விடு. தோட்டத்த மட்டும் காப்பாத்திக் குடுத்துரு. இதத்தான படிச்சிருக்க?" என்றார்.

ஆமாம், இதைத்தான் படித்திருந்தேன். காப்பாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊதா நிறச் செல்கள்

பதினொன்றாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. ரியோ என்று ஒரு அழகுச் செடி. இலையின் மேல்பக்கம் பச்சையாகவும் அடிப்பக்கம் ஊதாவாகவும் இருக்கும். அடிப்பக்கத்துத் தோலை மெல்லிசாக உரித்து, ஒரு சொட்டு நல்ல தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அறை அறையாக ஊதா நிறம் விளிம்புவரை நிரம்பியிருக்கும். பார்க்க அத்தனை அழகு.

பிறகு அதே தோலின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் ஊதா நிறம் சுவரை விட்டு விலக ஆரம்பிக்கும். முதலில் மூலைகளில் விலகும். பிறகு நாலா பக்கமும் உள்வாங்கி, நடுவில் ஒரு சின்ன உருண்டையாகச் சுருங்கி நிற்கும். சுவர் அப்படியே இருக்கும். உள்ளே குடியிருந்ததுதான் ஒடுங்கிப் போகும். நாங்கள் அதை உயிர்மச் சுருக்கம் என்போம்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அது தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. உள்ளே உப்பும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தால் வெளியில் உள்ள தண்ணீர் உள்ளே போகும். செல் நிரம்பி விறைத்து நிற்கும். வெளியே உப்பு கூடிவிட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வந்துவிடும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டு ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டு ஊற்றாமலே மறுநாள் தண்ணீர் மேலே நிற்கிறதே, அதுவும் இதுதான்.

உப்புத் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி நல்ல தண்ணீர் விட்டால் ஊதா நிறம் மெல்ல விரிந்து பழையபடி சுவரைத் தொடும். அதையும் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள். ரொம்ப நேரம் உப்பிலேயே விட்டுவிட்டால் விரியாது. அந்த நேரம் எவ்வளவு என்று ஒரு பெண் கேட்டாள். செல்லுக்குச் செல் மாறும் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். எனக்குச் சட்டென்று எரிச்சல் வரும். பள்ளியில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

இதே சங்கதி திராட்சையில் தலைகீழாகவும் நடக்கும். பழுக்கிற சமயத்தில் அடைமழை பிடித்தால், சர்க்கரை ஏறிய பழம் தண்ணீரை இழுத்து, தோல் தாங்காமல் வெடித்துவிடும். மழை விட்ட காலையில் ஊரார் பந்தலுக்குள் நின்றால் வெடிக்கிற சத்தம் காதில் விழும் என்று அப்பா சொல்வார். நானும் பல காலைகள் நின்று பார்த்தேன். விழுந்ததில்லை. எனக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கால் வற்றியது

முதல் சனிக்கிழமை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வேர் அழுகலாக இருக்கும், தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பூச்சிமருந்துக் கடையில் மூன்று வகை டப்பா கொடுத்திருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் பந்தல் வாசலில் பூசணிக்காயில் பூதம் வரைந்து கட்டச் சொல்லியிருந்தார். அதுவும் கட்டியாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பாதித் தோட்டம் தொங்கியிருந்தது. பிஞ்சுக் கொத்துகள் திராட்சை வற்றலாகச் சுருங்கியிருந்தன. அண்ணன் என்னைப் பார்க்க எழுந்து நடந்து வந்தார். முகத்து உப்பல் இறங்கியிருந்தது. கணுக்கால் எலும்பு தெரிந்தது.

அதற்கடுத்த முறை முக்கால் தோட்டம் போயிருந்தது. அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டு கம்பம் வரைக்கும் பஸ்ஸில் போய்வந்திருந்தார்.

உப்பில்லாத சாப்பாடும் மாத்திரையும் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் வாடிய வரிசைகளை எண்ணிக்கொண்டு வந்தவள், அண்ணன் கால்களைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

தோட்டத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாயன் பந்தலுக்குள் வருவதை விட்டிருந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியிலேயே நிற்பார். ஏன் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அய்யா நோவத் தோட்டம் வாங்கிக்கிருச்சுன்னு சொல்றாக, டீச்சரு. உள்ள போற ஆளுக்கும் ஒட்டிக்கிரும்னு பயமா இருக்கு" என்றார். அவரைத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு நானே தனியாக உள்ளே போனபோது, தொங்கிய இலைகள் என் கன்னத்தில் பட்டன. பட்ட இடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டேன். தாவரவியல் டீச்சர் அப்படிச் செய்தாள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது குனிந்ததில்தான் அது கண்ணில் பட்டது. சொட்டு விழும் இடத்தைச் சுற்றி, ஈரம் முடிந்து காய்ந்த மண் தொடங்கும் ஓரத்தில், வட்டமாக வெள்ளை படிந்திருந்தது. ஒவ்வொரு தூரிலும் அந்த வட்டம் இருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

உப்பு.

சுரண்டிய மண்ணைப் பொட்டலம் கட்டிப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, ரியோ இலைத் தோலின் மேல் ஒரு சொட்டு விட்டேன். ஊதா நிறம் மூலைகளை விட்டது. பிறகு சுவர்களை விட்டது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த காட்சி, அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. இந்த மண்ணில்தான் அண்ணன் மேலும் மேலும் தண்ணீர் விடுகிறார். விடுகிற தண்ணீரோடு உப்பும் போகிறது. வேருக்கு வெளியே உப்பு ஏற ஏறத் தண்ணீர் உள்ளே போக முடியாது. கொடிகள் குடிக்க அடம்பிடிக்கவில்லை. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் செத்துக்கொண்டிருந்தன.

எடைக்கு எடை

போர்வெல் தண்ணீரைத் தனியாகப் பிடித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அது சிமெண்டுத் தொட்டியில் விழுந்து, தொட்டியிலிருந்துதான் சொட்டுநீருக்குப் போகிறது. தொட்டித் தண்ணீர் கரித்தது.

மோட்டார் ரூமில் எப்போதும் கல்லுப்பு மூட்டைகள் கிடக்கும். தென்னைக்கு வைக்க வாங்கிப் போட்டவை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான் என்பதால் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன். இரண்டு சாக்குகள் காலியாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது அரைகுறையாக இருந்தது. சாக்கின் வாயில் மஞ்சள் கறை இருந்தது. தென்னைக்குப் போடுகிற உப்பை யாரும் மஞ்சள் கையோடு தொடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அண்ணன் மனைவி, என் மதினி, தலைக்குக் குளித்து, ஒரு பித்தளைக் குடத்தோடு மோட்டார் ரூமுக்கு வந்தாள். பார்வதி மதினி அதிர்ந்து பேசத் தெரியாதவள். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, தப்பிக்கப் பார்க்காமல் அப்படியே நின்றாள்.

எங்கள் ஊர் அம்மனுக்கு உப்புக் கரைக்கிற நேர்த்தி உண்டு. உடம்பு சரியில்லாதவர் பெயரைச் சொல்லி ஒரு கை கல்லுப்பைக் கோயில் குளத்தில் விடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி நோவும் கரைந்து போகும் என்பது நம்பிக்கை. குளம் வற்றி, கம்பிவேலி போட்டு நெடுங்காலம் ஆகிறது. அதனால் இப்போது அம்மனிடம் காட்டிவிட்டு அவரவர் வீட்டுத் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறார்கள். ஒரு கை உப்பால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

மதினி ஒரு கை உப்பு நேரவில்லை. அண்ணன் மதுரையில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, அவர் எடைக்கு எடை உப்புக் கரைப்பதாக நேர்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பழம் நிறுக்கிற தராசில் அவரை விளையாட்டுப்போல ஏற்றி எடை பார்த்திருக்கிறாள். நீர் கோத்து வீங்கியிருந்த எடை அது. செவ்வாயும் வெள்ளியும் குடம் குடமாகத் தொட்டியில் கரைத்து வந்திருக்கிறாள். முடியும்வரை வெளியே சொன்னால் நேர்த்தி பலிக்காது என்பதால், கொடிகள் வாட வாட வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உப்பு என்ன செய்யும், வேர் என்ன செய்யும் என்று வகுப்பெடுக்கிற குரலில் கத்தினேன். நான் ஓய்ந்த பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்த்தா. மொத வரிசை வாடுன அன்னைக்கே உப்புத்தான்னு தெரியும். பாதித் தோட்டம் வாடயிலதான் அவுக முகம் வத்துச்சு. வாடுறதெல்லாம் வாடட்டும்னு விட்டுட்டேன்."

தெரியாமல் செய்தாள் என்று நினைத்துத்தான் அவ்வளவு கத்தியிருந்தேன்.

ஒரு வரிசை

ஆனாலும் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. தொட்டியைக் கழுவிக் காயப்போட்டோம். உப்பு மூட்டையை மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை நான் வாங்கிக்கொண்டேன். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்த சமயம் அது. பக்கத்துத் தோட்டத்தாரிடம் முறை கேட்டு வாங்கி, அரை ஏக்கரையும் மூழ்கடித்து, வடியவிட்டு, மறுபடி மூழ்கடித்தோம். உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். மதினியும் சேலையைச் செருகிக்கொண்டு மடை திருப்பினாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் விடிகாலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பந்தலில் கிழக்கு வரிசைகளின் இலைகள் நிமிர்ந்திருந்தன. சுருண்ட விளிம்புகள் விரிந்து, கை வைத்தால் விறைப்பு தெரிந்தது. அண்ணன் ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் திரும்பி வரும்போது கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் சதையில் புதைந்திருந்தது.

காரணம் கிடைத்தது. தோட்டம் பச்சை பிடித்த சந்தோஷத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கருவாடும் ஊறுகாயுமாக ஒரு பிடி பிடித்திருக்கிறார், இரண்டு நாள் மாத்திரையும் போடவில்லை. அவரே ஒப்புக்கொண்டார். மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, இந்தத் தடவை தப்பித்தீர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. மதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காரணம் எதையும் கேட்டுக்கொள்ளாமல், என் கையைப் பிடித்தாள்.

"தோட்டம் முழுக்கக் கேக்கல. மேலக்கடைசி வரிசைய மட்டும் விட்டுக் குடுத்துரு ஆத்தா. பாக்கி உப்ப அதுக்குப் போட்டு நேர்த்திய முடிச்சிருறேன். அது அவுகளுக்காக இருக்கட்டும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானேதான் மோட்டார் ரூமைத் திறந்துவிட்டேன். மேற்கு ஓரத்தில் இருக்கும் அந்த மேலக்கடைசி வரிசைக்குப் போகும் குழாயின் வால்வை நானேதான் முறுக்கி மூடினேன். மீதி உப்பை மதினி அந்தப் பத்துக் கொடிகளின் தூரிலும் கொட்டி, குடத்தால் தண்ணீர் ஊற்றினாள். அண்ணனிடம், அந்த வரிசைக்கு வேர் அழுகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றேன். நான் சொன்னால் அவர் நம்புவார். நம்பினார்.

வரிசை காய்ந்தது. அண்ணன் கால் வற்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை

அதற்குப் பிறகு கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து இரண்டு முறை முடிந்துவிட்டது. மற்ற வரிசைகள் காய்த்துப் பழமும் வெட்டியாகிவிட்டது. அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், நடக்கிறார், என்னோடு சண்டை போடுகிறார். பட்டுப்போன வரிசையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கொடி வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நானோ மதினியோ ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறோம். நாங்கள் இருவரும் அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மழைத்தண்ணீர் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும் என்று பாடம் நடத்துகிறவள் நான். அப்படியும் அதை நான் யோசிக்கவில்லை.

போன ஞாயிறு காலையில் சும்மா நடந்து போனேன். மேலக்கடைசி வரிசையில், நாலாவது கொடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பட்டையைக் கீறிக்கொண்டு ஒரு துளிர் வந்திருந்தது. நுனி இளஞ்சிவப்பு. அதன் கீழே நகத்தளவு இரண்டு இலைகள், விறைத்து, விளிம்புவரை நிரம்பி நின்றன.

உயிர் மிச்சமிருக்கிற செல்லைக் கண்டால் கைதட்டச் சொல்லித்தான் என் மாணவிகளைப் பழக்கியிருக்கிறேன். எனக்கு அண்ணன் கால்கள்தான் நினைவுக்கு வந்தன.

வீட்டுப் பக்கமிருந்து அண்ணன் குரல் கேட்டது. அங்கே என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

குனிந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தத் துளிரைக் கிள்ளி எடுத்தேன். பூப்போல வந்துவிட்டது. அதைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

கிள்ளிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு நின்றது. துடைத்தேன். மறுபடி வந்தது. கீழே வேர் உயிரோடு இருக்கிறது, மண்ணிலிருந்து தண்ணீரை இழுத்து மேலே தள்ளுகிறது என்று அதற்கு அர்த்தம். நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை.